எஸ்கோம்புக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுங்கள்

நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வந்திறங்கியதைக் கொண்டாடும் நவம்பர் 16 விழாவை டர்பன் பக்கம் நடத்தும் குழுக்களுக்கும், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபாங்க், வெருலம், டொங்காட் பக்கம் தமிழ் வகுப்பு எடுக்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும்,

வணக்கம்.

போன நவம்பரில் உங்களில் ஒரு குழு நடத்திய விழாவுக்கு வந்திருந்தேன். எந்த ஊர், எந்த மண்டபம் என்று சொல்லப்போவதில்லை. யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. பிள்ளைகள் தேவாரம் பாடினார்கள், கும்மி அடித்தார்கள், பிரியாணியும் நன்றாகவே இருந்தது. நடுவில் பத்து நிமிஷத்துக்கு ஒரு நாடகம். காந்தி நேட்டாலில் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளக் கோர்ட்டுக்கு வருகிறார். வெள்ளைக்கார வக்கீல்கள் "கூடாது, கூடாது" என்று கூச்சல் போடுகிறார்கள். அப்போது கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பையன், பன்னிரண்டு வயசு இருக்கும், முன்னால் வந்து நெஞ்சில் கை வைத்து, "சட்டத்துக்கு நிறம் கிடையாது, இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறான். அவன்தான் ஹாரி எஸ்கோம்ப், அன்றைய நேட்டால் அட்டர்னி ஜெனரல். ஒரே கைதட்டல். நாடகம் முடிந்தது.

நானும் கைதட்டினேன். பையன் அவ்வளவு அழகாகப் பேசினான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. மறுநாள் நாடகத்தைத் தயார் செய்த தம்பிக்குப் போன் போட்டு, "ஏம்ப்பா, நம் கூலி ஆட்கள் மேல் மூன்று பவுன் வரி போட்டதும் இதே ஆள்தானே, அது எங்கே?" என்று கேட்டேன். "ஆன்ட்டி, பத்து நிமிஷம்தான் கொடுத்தாங்க" என்றார். நியாயமான பதில்தான். அதனால்தான் நேரத்தைப் பங்கு போடும் உங்களுக்கே எழுதுகிறேன். அடுத்த முறை அந்தப் பையனுக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுங்கள். என்ன காட்சி, ஏன் என்பதுதான் இந்த மடல்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். சட்டம் வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை என்று அன்று சொன்னவர் எஸ்கோம்ப் இல்லை, தலைமை நீதிபதி சர் மைக்கேல் கால்வே. முப்பது வருஷத்துக்கு மேல் நேட்டாலுக்கு அட்டர்னி ஜெனரலாக இருந்துவிட்டு நீதிபதி நாற்காலிக்கு வந்தவர். 1894 செப்டம்பரில் காந்தியின் மனு வந்தபோது, வக்கீல் சங்கம் சொன்ன ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டு, பதிவு செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னார். சொன்ன கையோடு, கோர்ட் வழக்கப்படி தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். காந்தியும் கழற்றினார். காந்தியை நேட்டாலுக்கு வரவழைத்த வியாபாரி தாதா அப்துல்லா சேட்டுக்கு அது பிடிக்கவே இல்லை.

எஸ்கோம்ப் செய்தது என்னவென்றால், அந்த மனுவைக் கோர்ட்டில் கொண்டுபோய் வைத்தது. அப்போது அவர் அட்டர்னி ஜெனரல். அந்த மாதிரி மனுவை அவர் வழியாகத்தான் வைக்க வேண்டும் என்பது வழக்கம். காசு வாங்காமல் செய்து கொடுத்தார் என்று காந்தியே எழுதியிருக்கிறார். தாதா அப்துல்லா கம்பெனிக்கு அவர் சட்ட ஆலோசகராகவும் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம். அதற்காக அந்த உதவியைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனசில்லை. வக்கீல் சங்கம் முழுக்க எதிர்த்து நின்ற நேரத்தில், காலனியின் முதல் சட்ட அதிகாரி ஒரு இந்தியருக்காக எழுந்து பேசினார். அது உண்மை. உங்கள் நாடகத்தில் அந்தக் காட்சி அப்படியே இருக்கட்டும்.

அதே 1894ல் இன்னொரு தலைப்பாகையும் கழன்றது. பாலசுந்தரம் என்ற தமிழர், கிரிமிட்டில், அதாவது கூலி ஒப்பந்தத்தில், வந்தவர், எஜமான் அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு காந்தியின் ஆபீஸுக்கு வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரனைப் பார்க்கப் போனால் அப்படித்தான் போக வேண்டும் என்று பழகியிருந்த ஆள், காந்தி முன்னாலும் அப்படியே நின்றார். காந்தியின் குமாஸ்தா தமிழர். அவர்தான் பாலசுந்தரம் சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னார். காந்தி அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். இந்தக் காட்சியை நாம் எப்படி இத்தனை வருஷம் மேடையில் போடாமல் விட்டோம் என்று எனக்கு ஆச்சரியம். அது வேறு கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, எஸ்கோம்புக்கு வருவோம்.

1838ல் லண்டனில் நாட்டிங் ஹில்லில் பிறந்தவர். பங்குத் தரகர் ஆபீஸில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கப்பலேறி நேட்டாலுக்கு வந்தார். வந்த வருஷம் 1860. மதராஸிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் வந்த அதே வருஷம். நவம்பர் 16ஐ நாம் எதற்காகக் கொண்டாடுகிறோமோ, அதே வருஷத்தின் ஆள்தான் இவரும். ஒருவர் சொந்தக் காசில், சொந்த விருப்பத்தில் வந்தார். மற்றவர்கள் மாசம் பத்து சில்லிங் கூலிக்குக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்கள்.

இங்கே வக்கீல் தொழிலில் அவருக்கு நல்ல பெயர் வந்தது. 1872ல் டர்பனிலிருந்து சட்டசபைக்குப் போனார். துறைமுக வாரியத்துக்குத் தலைவராக இருந்து, டர்பன் வாயிலில் கிடந்த மணல்திட்டோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். அந்தத் திட்டு இருந்ததால்தான் அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு, ஆட்களைச் சின்னப் படகில் இறக்கிக் கொண்டுவந்தன. இன்று துறைமுகப் பகுதியான பாயிண்ட் பக்கம் போனால் எவ்வளவு பெரிய கப்பலும் உள்ளே வந்து நிற்கிறது. அதில் அவர் பங்கும் உண்டு.

1888லும் 89லும் ஜூலு அரசர் தினுஜுலு மேல் ராஜத்துரோக வழக்கு நடந்தது. பிஷப் கொலென்ஸோவின் மகள் ஹாரியட், தினுஜுலுக்காக வாதாட எஸ்கோம்பைப் பிடித்தார். தினுஜுலுவைக் கடைசியில் செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாலும், வெள்ளைக்கார நேட்டாலில் அந்த வழக்கை ஏற்றுக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும். எஸ்கோம்ப் கோழையில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவது கோழையின் கதையாகத் தெரியக் கூடாது.

இப்போது நான் கேட்கும் இரண்டாவது காட்சி. 1885 முதல் 1887 வரை நீதிபதி ராக் தலைமையில் ஒரு கமிஷன் உட்கார்ந்தது. கிரிமிட் முடித்த இந்தியரை என்ன செய்வது என்பது அதில் பெரிய கேள்வி. தோட்டக்காரருக்குக் கூலியாள் வேண்டும். நகரத்து வெள்ளைக் கடைக்காரருக்கு, கிரிமிட் முடித்துக் கடை போடும் இந்தியன் வேண்டாம். ஆகவே ஐந்து வருஷம் முடிந்ததும் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடு என்ற பேச்சு பலமாக அடிபட்டது. எஸ்கோம்ப் அந்தக் கமிஷன் முன்னால் வந்து சாட்சி சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இது. குற்றம் செய்து நாடுகடத்தப்பட்டவனைத் தவிர வேறு யாரையும் இன்ன இடத்துக்குப் போ என்று கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த ஆட்களைப் பேருக்குச் சம்மதத்தோடு கொண்டுவருகிறோம், நிஜத்தில் பல சமயம் சம்மதம் இல்லாமலே கொண்டுவருகிறோம். ஒருவன் தன் வாழ்க்கையின் நல்ல ஐந்து வருஷத்தை இங்கே கொடுக்கிறான், புது உறவுகளைத் தேடிக்கொள்கிறான், பழசை மறந்தும் போகிறான், இங்கேயே வீடு வாசல் என்று ஆகிவிடுகிறான். அவனைத் திருப்பி அனுப்புவது என் நியாயத்துக்கு ஒத்துவராது. முடிந்த மட்டும் வேலையை வாங்கிக்கொண்டு போ என்பதைவிட, ஆட்களைக் கொண்டுவருவதையே நிறுத்திவிடலாம்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் பாட்டன்மார் சொல்லியிருக்க வேண்டியதை அவர்களைவிடத் தெளிவாக ஒரு வெள்ளைக்கார வக்கீல் சொல்லிவைத்திருக்கிறார். சம்மதம் பேருக்குத்தான் என்று எத்தனை பேர் அன்றைக்கு வாய்திறந்து சொன்னார்கள்?

பத்து வருஷம்கூட ஆகவில்லை. 1893ல் நேட்டாலுக்குச் சுயாட்சி வந்தது. சர் ஜான் ராபின்சன் முதல் பிரதமர், எஸ்கோம்ப் அட்டர்னி ஜெனரல். 1895ல் 17ஆம் எண் சட்டம் வந்தது. கிரிமிட் முடித்தவன் மறுபடி கிரிமிட்டில் சேர வேண்டும், அல்லது இந்தியா திரும்ப வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வருஷம் மூன்று பவுன் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். முதலில் 25 பவுன் கேட்டார்கள், இந்திய சர்க்கார் மூன்றுக்குத்தான் ஒத்துக்கொண்டது. இந்தச் சட்டத்தைச் சபையில் கொண்டுவந்து ஆதரித்துப் பேசிய அட்டர்னி ஜெனரல், கமிஷன் முன்னால் அப்படிச் சாட்சி சொன்ன அதே எஸ்கோம்ப்.

மூன்று பவுன் என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பவுனுக்கு 20 சில்லிங், மூன்று பவுனுக்கு 60. கிரிமிட்டில் முதல் வருஷம் ஆணுக்கு மாசச் சம்பளம் 10 சில்லிங். அப்படியானால் ஆறு மாசச் சம்பளம் வரிக்கே போகும். ஐந்தாம் வருஷத்து 14 சில்லிங் சம்பளம் என்று வைத்தாலும் நாலு மாசத்துக்கு மேல். அதுவும் ஒரு தலைக்கு. பெண்ணுக்கும் உண்டு, பின்னால் 16 தாண்டிய பையனுக்கும் 13 தாண்டிய பெண்பிள்ளைக்கும் வந்தது. அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு என்றால் வருஷம் 12 பவுன். இந்த வரியை எடுக்க 1913ல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்து, உதைபட்டு, ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. 1914ல்தான் எடுத்தார்கள். அந்தக் கதையை நீங்கள் நன்றாகவே மேடையில் போடுகிறீர்கள். வரி போட்டவர் யார் என்பது மட்டும் அதில் வருவதில்லை.

மூன்றாவது காட்சிக்குப் போகும் முன் 1897 ஜனவரியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காந்தி ஊருக்குப் போய்க் குடும்பத்தோடு திரும்பி வருகிறார். கோர்லாண்ட், நாதேரி என்று இரண்டு கப்பல். டிசம்பர் 18ல் டர்பன் வெளியே வந்து நின்றவை, பம்பாயில் பிளேக் என்று காரணம் சொல்லி ஜனவரி 13 வரை உள்ளே விடப்படவில்லை. கரையில் வெள்ளைக்காரக் கூட்டம் ஆயிரக்கணக்கில். எஸ்கோம்ப் பாயிண்டுக்கு வந்து கூட்டத்திடம் பேசி, சட்டசபையைச் சீக்கிரம் கூட்டி நீங்கள் கேட்ட சட்டம் கொண்டுவருகிறோம், கலைந்து போங்கள் என்றார். கலைந்தார்கள். காந்திக்கு, இருட்டின பிறகு இறங்கு என்று ஆளனுப்பினார். காந்தி வக்கீல் லாட்டனோடு வெளிச்சத்திலேயே இறங்கி நடந்தார், வெஸ்ட் தெருவில் அடிபட்டார். போலீஸ் சூப்பிரண்டின் மனைவி குடை பிடித்துக் காப்பாற்றிய கதை உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. அடித்தவர்கள் மேல் வழக்குப் போடு என்று லண்டனிலிருந்து காலனி மந்திரி சேம்பர்லேன் தந்தி அடித்தார். எஸ்கோம்ப் காந்தியைக் கூப்பிட்டு, ஆட்களை அடையாளம் காட்டினால் வழக்கு நடத்துகிறேன் என்றார். வழக்கு வேண்டாம், அடித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களைத் தூண்டிவிட்ட தலைவர்கள்தான் பொறுப்பு, சொல்ல அனுமதித்தால் நீங்களும்தான் என்று காந்தி அவர் முகத்துக்கு நேரே சொன்னார். பீச் குரோவில் இருவரும் அண்டைவீட்டார். அண்டைவீட்டுக்காரனிடம் இப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், கேட்டுக்கொண்டு நிற்கவும்தான். எழுதிக் கொடுப்பாயா என்றார் எஸ்கோம்ப். காந்தி அங்கேயே எழுதிக் கொடுத்தார். நாடகம் எழுதுகிற தம்பிமாரே, வசனம் உங்களுக்காகத் தயாராகக் காத்திருக்கிறது.

பிப்ரவரியில் எஸ்கோம்ப் பிரதமரானார். பாயிண்டில் கூட்டத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். 1897ல் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவை தமிழ் எழுத்தைப் பற்றியவை.

ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். இந்தியன் வரக் கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது. எழுதினால் லண்டன் ஒத்துக்கொள்ளாது. அதற்குப் பதிலாக ஒரு படிவம். இன்ன சட்டத்திலிருந்து விலக்குக் கோருகிறேன், என் முழுப்பெயர் இன்னது, கடந்த பன்னிரண்டு மாசமாக நான் குடியிருக்கும் இடம் இன்னது, என் தொழில் இன்னது, நான் இன்ன ஊரில் இன்ன வருஷம் பிறந்தேன். அவ்வளவுதான். இதை ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போடத் தெரியாதவன் உள்ளே வரக் கூடாது. தஞ்சாவூரிலிருந்து வருகிற ஒருவருக்குத் திருவாசகம் முழுக்க மனப்பாடமாக இருக்கலாம், ஓலையும் காகிதமும் எழுதித் தேய்ந்த கையாக இருக்கலாம். இந்தச் சட்டத்துக்கு முன்னால் அவர் எழுத்தறியாதவர். ஆனால் கிரிமிட்டில் கரும்பு வெட்ட வருகிறவனுக்கு இந்தச் சட்டமே இல்லை. அவனுக்கு எந்த எழுத்தும் தேவையில்லை, கைநாட்டுப் போதும்.

அந்த வருஷம் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்குக் காலனிப் பிரதமர்கள் எல்லாம் லண்டனில் கூடினார்கள். எஸ்கோம்பும் போனார், பிரிவி கவுன்சிலர் ஆனார், கேம்பிரிட்ஜ் டாக்டர் பட்டம் கொடுத்தது. சேம்பர்லேன் மற்றப் பிரதமர்களிடம் நேட்டால் சட்டத்தைக் காட்டி, நிறத்தைச் சொல்லாமலே காரியத்தை முடிக்க இப்படி ஒரு வழி இருக்கிறதே என்றார். 1901ல் ஆஸ்திரேலியா தன் சொல்வதெழுதல் பரீட்சையைக் கொண்டுவந்தபோது, அதற்கு அப்பன் நம் நேட்டால் படிவம்தான்.

இன்னொன்று வியாபார லைசென்ஸ் சட்டம், 1897ன் 18ஆம் எண். கணக்குப் புத்தகத்தை ஆங்கிலத்தில் வைக்கத் தெரியாவிட்டால் கடை லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் அதிகாரி மறுத்தால் நகரசபைக்குப் போகலாம். அந்த நகரசபையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? எதிர்த்த கடைக்காரர்கள். அதற்கு மேல் கோர்ட்டுக்குப் போக முடியாது. நியூகாசில் வியாபாரிகள் கடைசி அப்பீலுக்கான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள், அங்கேயும் கதவு திறக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், வாழ்நாள் முழுக்கக் கோர்ட்டில் நின்று சம்பாதித்த ஒரு வக்கீலின் அரசாங்கம், கோர்ட் வாசலையே பூட்டுகிற சட்டம் செய்தது. மூன்றாவது காட்சி இதுதான்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எங்கள் வீட்டில் ஒரு பேரேடு இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா வெருலம் பக்கம் கடை வைத்திருந்தார். சோளமாவு, அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், வெற்றிலை. இரண்டு கணக்கு வைத்திருந்தாராம். சனிக்கிழமை சனிக்கிழமை ஒருவர் வந்து சில்லிங் இரண்டு வாங்கிக்கொண்டு ஆங்கிலக் கணக்கு எழுதிவிட்டுப் போவார். அது அதிகாரிக்கு. அதை யாரும் வைத்துக்கொள்ளவில்லை, எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும். தாத்தா தானே எழுதியது இது. துணி அட்டை, ஓரத்தில் கரையான் தின்ற ஓட்டை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே "லாபம்". எண்கள் எல்லாம் தமிழ் எண்கள், ௧, ௨, ௩ என்று, பவுனும் சில்லிங்கும் அந்த எண்ணிலேயே. இடது பக்கம் கடன் வாங்கினவர் பெயர், வலது பக்கம் வரவு. ஒருவர் பெயருக்கு நேரே நாலு மாசம் வரவே இல்லை, அப்புறம் அந்தப் பெயர் முழுக்க ஒரு கோடு, ஓரத்தில் "ஊருக்குப் போய்விட்டான்" என்று சின்ன எழுத்தில். அந்த ஆள் திருப்பிக் கொடுக்காத தொகை ஒரு பவுன் ஏழு சில்லிங். வரி கட்ட முடியாமல் கப்பலேறினாரோ என்னவோ, பேரேடு அதைச் சொல்லவில்லை. இன்னொரு பக்கத்தில் கணக்குக்கு நடுவே என் பாட்டி பிறந்த நாளும் நட்சத்திரமும். காவடிக்கு வாங்கின பன்னீருக்கு அரை சில்லிங்.

சட்டத்தின் கண்ணில் இது கணக்குப் புத்தகமே இல்லை. இதை எழுதியவர் கணக்குத் தெரியாதவர்.

குயின்ஸ்பர்க் பக்கம், மால்வெர்னுக்கும் நார்த்டீனுக்கும் நடுவில், எஸ்கோம்ப் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பெயர்ப் பலகையைப் பார்ப்பேன். பெயரை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை, அதைக் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பலகையில் பெயர் மட்டும்தான் இருக்கும், காட்சி இருக்காது. காட்சிக்கு உங்கள் மேடைதான் உண்டு.

அவருடைய கடைசி மாசத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நானும் பாதிதான் சொன்னதாகும். 1899ல் போயர் யுத்தம் வந்தது. காந்தி காயம்பட்ட சிப்பாய்களைத் தூளியில் தூக்கிவரும் படை ஒன்றைச் சேர்த்தார், கிட்டத்தட்ட 1,100 பேர், அதில் பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்து வந்த கிரிமிட் ஆட்கள். டிசம்பர் நடுவில் முதல் தொகுதி டர்பனிலிருந்து கிளம்பும்போது வழியனுப்ப எஸ்கோம்ப் வந்தார். அவர்களை வாழ்த்திப் பேசினார். இரண்டு வாரத்தில், டிசம்பர் 27ல், டர்பனிலேயே செத்துப்போனார். அந்தப் படையில் எத்தனை பேர் அவர் சட்டப்படி மூன்று பவுன் கட்ட வேண்டிய வரிசையில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். வாழ்த்திப் பேசியபோது அவருக்கும் அது நினைவுக்கு வந்ததா? நேரம் இருந்தால் இதையும் காட்சியாகப் போடுங்கள். வசனமே வேண்டாம், அவர் ஒரு பக்கம், தூளி தூக்கியவர்கள் ஒரு பக்கம் நின்றாலே போதும்.

அவரைக் கெட்டவனாகக் காட்டுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கெட்டவனாகக் காட்டினால் மீசை ஒட்டிச் சிரிப்பு மூட்டிவிட்டு முடித்துவிடுவோம், அது எனக்குத் தெரியும், நானே அப்படிப் பத்து நாடகம் போட்டிருக்கிறேன். இவர் நியாயம் தெரியாத ஆள் இல்லை. கமிஷன் முன்னால் சத்தம் போட்டுச் சொன்னாரே. தெரிந்தவர், ஓட்டும் கூட்டமும் பதவியும் வந்தபோது மாற்றிச் செய்தார். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு இது புரியுமா என்று கேட்பீர்கள். நன்றாகப் புரியும். பள்ளிக்கூடத்தில் தனியாக இருக்கும்போது பேசுகிற நண்பன் கும்பலோடு இருக்கும்போது முகம் திருப்பிக்கொள்வதை அவன் தினம் பார்க்கிறான்.

வகுப்பெடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் படிவத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். முழுப்பெயர், குடியிருக்கும் இடம், தொழில், பிறந்த ஊர், பிறந்த வருஷம். ஐந்து வரி. அதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தொழில் என்ற இடத்தில் "மாணவன்" என்று எழுதட்டும், "கோல் கீப்பர்" என்று எழுதினாலும் விட்டுவிடுங்கள். பெயரை எழுதும்போது கோவெண்டர் கவுண்டர் ஆகும், மூட்லி முதலி ஆகும், ஏதோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிவைத்ததுதான் நம் பாஸ்போர்ட்டில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவரும். அரை மணி நேரப் பாடம், ஆனால் மறக்க மாட்டார்கள்.

விழாக் குழுக்களிடம் இன்னொன்று. உங்கள் ஊரில் பழைய கடைக் குடும்பங்கள் இருக்கின்றன. பேரேடு, சிட்டை, வரிச்சீட்டு, கிரிமிட் காகிதம் எது இருந்தாலும் விழா நாளன்று கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். படம் எடுத்துக்கொண்டு அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி-லுதூலி ஆவண மையம் இருக்கிறது, படங்களை அங்கே சேர்த்துவைக்கக் கேட்டுப் பார்க்கலாம். என் கொள்ளுத்தாத்தாவின் பேரேட்டை நான் முதலாவதாகக் கொண்டுவருகிறேன். கரையான் பொடி உதிரும், அதற்கு ஒரு பழைய துண்டும் கொண்டுவருகிறேன்.

கடைசியாக, அந்த எஸ்கோம்ப் பையனைப் பற்றி. நாடகம் முடிந்து அவனைப் பாராட்டப் போனபோது அவன் கையில் வசனத் தாள் மடித்தபடி இருந்தது. வாங்கிப் பார்த்தேன். தமிழ் வசனம்தான், ஆனால் முழுக்க ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது. "எனக்குப் பேசத் தெரியும் ஆன்ட்டி, படிக்க வராது" என்றான், கொஞ்சம் வெட்கத்தோடு. 1897ன் சட்டம் கேட்டது ஐரோப்பிய எழுத்து. அந்தத் தாள் பாயிண்டில் பாஸாகியிருக்கும், என் கொள்ளுத்தாத்தாவின் பேரேடு ஆகியிருக்காது.

பையன் மேல் தப்பில்லை. சனிக்கிழமை வகுப்பில் முப்பது வருஷம் இருந்த என் மேலும் கொஞ்சம் உண்டு. நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவனை என்னிடம் அனுப்புங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக்கு. அந்த ஐந்து வரிப் படிவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை ஒருத்தி,
சாட்ஸ்வொர்த்